ஃப்ரீ அக்கா மடிக்காத நுனி

பல்பொருள் அங்காடியின் பின்கட்டில், சோப்புப் பெட்டிகளுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கிறது. அதுதான் ஃப்ரீ அக்காவின் சிம்மாசனம். பற்பசையோடு பிரஷ்ஷை, தேயிலைத்தூளோடு கோப்பையை, சலவைத்தூளோடு வாளியை டேப் சுற்றி ஒட்டுவது அவர் வேலை. எந்தக் கல்யாணத் தரகரும் இத்தனை ஜோடி சேர்த்திருக்க மாட்டார். அக்கா சேர்த்த ஜோடிகள் வீடு போய்ச் சேரும்வரையாவது பிரியாமல் இருக்கின்றன.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

ஃப்ரீ என்ற சொல் நம் வாயில் படும் பாட்டை அக்கா அளவுக்குக் கேட்டவர்கள் குறைவு. கடை முதலாளிக்கு அது, ஒரு கையால் விலையை ஏற்றி மறு கையால் கொடுப்பது. வாங்க வருபவருக்கு அது பிறப்புரிமை. சலவைத்தூள் கட்டிதட்டிப் போயிருந்தால் பேசாமல் போகிறவர், கூட வந்த ஸ்பூனில் ஒரு கீறல் இருந்தால் மேனேஜரைக் கூப்பிடுவார். துணிப்பிரிவில் ஃப்ரீ சைஸ் என்றால் யாருக்கும் பொருந்தாத அளவு. அக்காவின் கணவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ரோடு ஃப்ரீயாக இருந்த காலத்தைப் பற்றி நாள்முழுக்கப் பேசுவார். டாக்டர், "வயிறு ஃப்ரீயா போகுதா?" என்று கேட்டால் மட்டும் ஊமையாகிவிடுவார். மனசு கஷ்டத்தைச் சொல்லப் போன இடத்தில், "ஃப்ரீயா விடுங்கக்கா" என்று பதில் வந்தால், 'இதுக்கு மேல கேட்க எனக்குத் தெம்பில்லை' என்று அர்த்தம். இதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி.

மகள் சொல்லும் ஃப்ரீ மட்டும்தான் பிடிபடவில்லை.

"ஃப்ரீ ஆனதும் கூப்பிடுறேன்மா."

வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரே மகள். அவள் எப்போது ஃப்ரீ ஆவாள் என்பது மழை வருவது மாதிரி. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கூப்பிட்டாலும், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அப்பா எங்க, சரி வைக்கிறேன். பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே பெண், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் பின்னாலேயே அலைந்து, டீச்சர் தும்மியது வரைக்கும் சொல்லுவாள். "கொஞ்ச நேரம் வாயை மூடுடி, காது வலிக்குது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார். சொன்னபடியே மூடிவிட்டாள். அந்த ஓயாத பேச்சு ஒரே ஒரு தடவை திரும்ப வேண்டும், காது போனாலும் பரவாயில்லை என்பதுதான் இப்போது அக்காவின் ஏக்கம்.

அக்காவின் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. டேப்பைச் சுற்றி முடித்ததும் அதன் நுனியை ஒரு மடிப்பு மடித்துவிடுவார். வாங்கிப் போகிறவர் நகத்தால் சுரண்ட வேண்டாம். பிடித்து இழுத்தால் வந்துவிடும். சூப்பர்வைசருக்கு இது ஆகாது.

"அக்கா, நீங்க இப்படி மடிச்சு வச்சா கடையிலயே உரிச்சுக்கிறாங்க. ஸ்பூன் ஊருக்குப் போயிடுது, தூள் தனியா நிக்குது."

"நுனி தெரியலன்னா வீட்ல போய்ப் பல்லால கடிப்பாங்க தம்பி. பல்லு போச்சுன்னா நீங்க பல்லுசெட்டு ஃப்ரீயா குடுப்பீங்களா?"

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் மகள் அதிசயமாகக் காலையிலேயே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை நான் ஃப்ரீ. வரேன்மா." கூடவே, "ரூம்ல ஒரு கத்தரிக்கோல்கூட இல்லம்மா, ஒண்ணு எடுத்து வை" என்றாள்.

அக்கா நேரே சூப்பர்வைசரிடம் போய் நின்றார்.

"ஞாயித்துக்கிழமையா? அன்னிக்குத்தான் ஆஃபர் பிச்சுக்கிட்டுப் போகும். ஃப்ரீ அக்காவே ஃப்ரீ கேட்டா நான் எங்க போக?"

"பொண்ணு வருது தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அக்காவின் முகத்தில் என்ன பார்த்தாரோ, சூப்பர்வைசர் லீவு நோட்டை எடுத்து நீட்டினார்.

மகள் வந்தாள். வந்தவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மத்தியானம்வரை தூங்கினாள். அக்கா அறை வாசலில் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எழுந்து சாப்பிட உட்கார்ந்தவள் காதில் ஏதோ செருகியிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே யாரிடமோ இங்கிலீஷில் பேசினாள். அக்கா வாயைத் திறந்தபோது, அஞ்சு நிமிஷம் என்று கைவிரலைக் காட்டினாள். அந்த அஞ்சு நிமிஷம் சாயங்காலம்வரை நீண்டது.

"இதுக்குப் பேரு ஃப்ரீயாங்க?" என்று அக்கா கணவரிடம் கிசுகிசுத்தார்.

"அது அங்க கட்டியிருக்குடி. இங்க வந்தது கயிறு நீளமா இருக்கறதால" என்றார் அவர். வண்டி ஓட்டியவர் சில நேரம் ரோட்டை விட்டு இறங்கி உண்மை பேசிவிடுவார்.

மகள் குளிக்கப் போன நேரத்தில் அக்கா அட்டைப்பெட்டியைக் கட்ட உட்கார்ந்தார். துண்டு, தலையணை உறை, கடையில் ஜோடி சேராமல் மிஞ்சிய, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எடுத்துவந்த கோப்பைகள், ஒரு சீப்பு. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதைத் திறந்து திறந்து மூடினார். பிறகு அதைத் துண்டுக்கு நடுவில் சுருட்டி, பெட்டியின் அடியில் வைத்து மூடினார்.

டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை.

"என்னடி இது, பெட்டியா கோட்டையா?" என்றார் கணவர்.

"பஸ்ல குலுங்கும்ல."

கடைசி நுனி வந்தது. விரல் பழக்கத்தில் மடிக்கப் போயிற்று. அக்கா விரலை நிறுத்தினார். நுனியை மடிக்காமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார், எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாதபடி.

ராத்திரி பஸ்ஸில் மகள் பெட்டியோடு கிளம்பிப் போனாள். மறுநாள் சாயங்காலம், அக்கா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

"ம்மா, இந்தப் பெட்டிக்கு நுனி எங்க இருக்கு?"

"அங்கதான்டி இருக்கும். நல்லாத் தடவிப் பாரு."

"தடவிட்டுத்தான் கூப்பிடுறேன். கத்தரிக்கோல் எங்க வச்ச?"

"உள்ள."

அந்தப் பக்கம் பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. "உனக்கு மூளை இருக்காம்மா?"

"வயசாச்சுல்ல. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. ரெண்டு கையும் வேணும்."

நகம் சுரண்டும் சத்தம் கேட்டது. சும்மா சுரண்டிக்கொண்டிருக்க முடியாதல்லவா, மகள் பேச ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் கணக்குச் சொல்கிறாள். மேனேஜருக்குச் சிரிக்கும்போது மட்டும் இடது கண் மூடிக்கொள்கிறது. போன மாதம் காய்ச்சல் வந்தது, சொன்னால் நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. அக்கா ம் கொட்டிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். கழற்றிய செருப்பு ஒன்று கையிலேயே இருந்தது. கணவர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்க வந்தார். அக்கா அஞ்சு நிமிஷம் என்று விரலைக் காட்டினார்.

"ஒரு பக்கம் வந்துடுச்சும்மா."

"குறுக்க இன்னொரு சுத்து இருக்கும் பாரு. மெதுவாப் பிரி, அவசரப்படாத. அந்தக் காய்ச்சலுக்கு யாரு பார்த்துக்கிட்டா?"

மகள் சொன்னாள். அதற்குள் ஒரு கதை, அதற்குள் இன்னொன்று. வலது காது சூடேறிப்போய், அக்கா போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு, சர்ரென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எது என்று அக்காவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசிச் சுற்று.

"அப்பாடா, வந்துடுச்சு. சரிம்மா, ஒரு கால் வருது. ஃப்ரீ ஆனதும் கூப்பிடுறேன்."

"சரிடி" என்றார் அக்கா.

போன் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார். மூலைகளில் இன்னும் ரெண்டு சுற்றுப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.