கால் பட்ட பக்கம்

இரண்டு கையும் கீபோர்டின் மேல் இருக்கும்போது பக்கத்தை யார் புரட்டுவது? இசைக்காரர்களுக்கு இது பெரிய கேள்வி. எனக்கு முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான்தான் கீபோர்டு. பள்ளியில் ஒரு சிஸ்டர், தாளில் எழுதிய நோட்டுகளை, அதாவது இசைக்குறிப்புகளைப் பார்த்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அது வரமா சாபமா என்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் பாடகர் குழுவில் மற்றவர்கள் ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு இருநூறு தடவை வாசித்த பாட்டுக்கும் எதிரில் தாள் இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் விரல் நகராது. சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அவருக்கு வேலை பஸ் ஓட்டுவது. கடலூர் - சிதம்பரம் தடம். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஃபேன் காற்றில் என் தாள் எல்லாம் பறந்தபோது ஆண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்து பொறுக்கிக் கொடுத்தார். கொடுத்தவர் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு காலை டியூட்டி விழுந்தால் யார் காலையாவது பிடித்து மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். நோட்டில் ஒரு புள்ளிகூட அவருக்குத் தெரியாது. பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் நான் தாடையை லேசாக இறக்குவேன், அவர் புரட்டுவார்.

"கண்டக்டர் விசில் அடிச்சா வண்டிய எடுக்கணும். அவ்ளோதான வேல," என்பார்.

"வீட்ல அவரு தலையாட்டுறாரு, கோயில்ல நீங்க தலையாட்டுறீங்க. ரெண்டும் சரியாப் போச்சுக்கா," என்று குழுவில் முதல் குரல் பாடும் பெண் கிண்டல் செய்வாள். அவர் அதற்கும் தலையாட்டுவார்.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை, சிலருக்கு வயதானால் வரும் நடுக்கம்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கையெழுத்து கொஞ்சம் கோணலாகும். மற்றபடி வீட்டில் பெரிய தொந்தரவு இல்லை. தொந்தரவு கோயிலில்தான். என் தாள்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். கடல் காற்றின் ஈரத்தில் அந்த உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுங்காத கைக்கே அதைப் பிரிப்பது பாடு.

ஆயர் வந்து பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுத்த நாள், காணிக்கைப் பாட்டின் நடுவில் அவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். குழு இரண்டாம் சரணத்தில் இருக்கிறது, நான் பாட்டின் முடிவுக்குப் போய்விட்டேன். சட்டென்று மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கி ஒரே சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பல்லவிக்கு வரும்வரை சமாளித்தேன். ஆயருக்குத் தெரிந்திருக்காது. ஜனங்களுக்கும் தெரிந்திருக்காது. ஸ்டூலில் இருந்தவருக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், "பக்கம் ஒட்டிக்கிச்சு," என்றார்.

"ஆமாங்க. பிளாஸ்டிக்," என்றேன் நான்.

அதே தப்பு மூன்றாவது தடவை நடந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். துணி காயப் போடும் சாக்கில் மாடிக்குப் போய்ச் சென்னையில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன்.

"இப்பல்லாம் யாரும்மா பேப்பர் வெச்சி வாசிக்கிறாங்க? பெரிய போன் மாதிரி டேப்லெட் இருக்குல்ல, அந்த டேப்ல ஏத்திக்கலாம். கீழ ஒரு பெடல் இருக்கும், கால்ல அமுக்கினா பக்கம் மாறிடும். கையே வேணாம்," என்றாள்.

"வாங்கி அனுப்பு. நான் கேட்டேன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாத."

பார்சல் வந்த அன்று நான் ஆச்சரியப்பட்டேன். என் நடிப்பு எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும். அவர் பெடலைக் கையில் எடுத்து, வண்டியின் பிரேக்கைப் பார்ப்பதுபோல் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "பொண்ணு நல்லாத்தான் யோசிச்சிருக்கு," என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினேன்.

பாட்டுகளை டேப்பில் ஏற்றும் வேலையில் அவரும் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு தாளாக மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமல் அவர் மூலையை அழுத்திப் பிடிக்க, நான் படம் எடுத்தேன். மூன்று மாலை போயிற்று. பாதிப் பக்கங்களின் மூலையில் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தது. வெட்டி எடுத்துவிடலாம் என்றார். நேரமில்லை என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டேன்.

பயிற்சியில்தான் வேடிக்கை. கோயிலுக்குள் எல்லோரும் வெறுங்கால்தான். முதல் பாட்டு, முதல் பக்கம் முடியும் இடம். காலால் பெடலை அமுக்கினேன். பக்கம் அழகாக மாறியது. அதே நொடியில் என் வலது கை கீபோர்டை விட்டு எழுந்து டேப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பாட்டு நின்றது. என்ன நடந்தது என்று எனக்கே புரியவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஊறிய கை. அதற்கு யாரும் உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது பக்கம், மறுபடியும் அதே கதை. ஆறு பக்கப் பாட்டில் ஐந்து கும்பிடு.

"அக்கா, வாசிக்கிறீங்களா, கும்புடுறீங்களா? எதுனா ஒண்ணு பண்ணுங்க," என்றாள் முதல் குரல்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கையோடு போய் ஃபாதரிடமே கேட்டேன்: ஆண்டவர் பாட்டின் பக்கத்தைக் காலால் மாற்றுவது சரியா? அவர் சிரித்துவிட்டு, "அந்தக் காலத்து ஆர்கன்லாம் கால்ல மிதிச்சாத்தாம்மா சத்தமே வரும். அப்பவே ஆண்டவரு ஒண்ணும் கோச்சிக்கல," என்றார். புத்தி ஒப்புக்கொண்டது. கை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாரம் வீட்டில் எத்தனை முறை பழகியும் பக்கத்துக்கு ஒரு கும்பிடு விழுந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். அப்படி நினைத்தபோது நிம்மதியாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெடல் போனால் ஸ்டூல் தங்கும்.

வழி சொன்னது அவர்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

"ஒவ்வொரு வாட்டியும் எதுக்குக் கும்புடுற? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மொத்தமா ஒரு வாட்டி தொட்டுக் கும்புட்டுடு. நான் வண்டி எடுக்கறப்ப ஸ்டியரிங்கத் தொட்டு சிலுவ போட்டுக்குவேன். அப்புறம் சிதம்பரம் போய்ச் சேர்ற வரைக்கும் மிதிக்கிறதுதான வேல. மிதிக்கு ஒரு கும்புடு போட்டா வண்டி போவுமா?"

மறுநாள் அப்படியே செய்தேன். டேப்பையும் தொட்டேன், குனிந்து பெடலையும் தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தேன். கை அடங்கிவிட்டது. ஆறு பக்கமும் தடங்கலில்லாமல் போயிற்று. தான் இல்லாமல் வாசிப்பதற்கு எனக்கு அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெடலோடு வாசித்த முதல் பூசை சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே போனதும் நானே ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டேன்.

"இதுல ஒக்காருங்க. பெடல் எதுனா மக்கர் பண்ணிச்சுன்னா?"

"ஸ்பேர் டிரைவரா?" என்று சிரித்தார். "பேட்டரி ஃபுல்லா இருக்கு, நானே சார்ஜ் போட்டேன். நீ வாசி." போய் ஜனங்களோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

ஓடும் பஸ்ஸிலிருந்து டிரைவரையே இறக்கிவிட்டு வண்டியை எடுத்தவள்போல் இருந்தேன். பெடல் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் பக்கம் முடியும் இடமெல்லாம் பழக்கத்தில் காலை அமுக்குவதோடு தாடையையும் இறக்கிக்கொண்டிருந்தேன். காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டுகிற பெண்ணைக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நன்மை வாங்க, அதாவது ஃபாதர் கையால் அப்பம் வாங்க, எல்லோரும் வரிசையில் போனபோது அவரைத் தேடினேன். போய் வாங்கிக்கொண்டு வந்து, உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்தார். மனக்கஷ்டத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த பாட்டில் ஒரு இடத்தில் விரல் தவறியது.

சாப்பாடு முடிந்து கடலூர் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் எனக்கு விட்டார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் இதற்குமேல் தாங்காது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பெடல் அவளா அனுப்பல. நான்தான் கேட்டேன்."

"தெரியும்," என்றார். "மாடியில நீ பேசினா தெருவுக்கே கேக்கும்."

பஸ் புதுச்சத்திரத்தை நெருங்கியது. நான் பையில் இருந்த டேப்பை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "நன்மை குடுக்கறப்ப ஒரு பாட்டு வாசிச்சியே, மொதல்ல மெதுவா வந்து அப்புறம் மேல ஏறுமே. அது புதுசா?" என்று கேட்டார்.

"புதுசா? பதினஞ்சு வருஷமா வாசிக்கிறேன். நாலு பக்கம். நீங்கதான புரட்டுவீங்க."

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"நான் கேட்டதில்லயே," என்றார்.

"பக்கத்துலதான இருந்தீங்க."

"உன் தாடையப் பாத்துக்கிட்டு இருந்தேன். எப்ப எறங்கும், எப்ப எறங்கும்னு. அந்த பயத்துல பாட்டு எங்க காதுல வுழும்? இன்னிக்கித்தான் கேட்டேன். நல்லாத்தான் வாசிக்கிற."

முப்பத்திரண்டு வருடம். ஊரில் யார் கேட்கிறார்களோ இல்லையோ, பக்கத்தில் இருக்கிற மனுஷர் கேட்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நான் ஒவ்வொரு ஞாயிறும் வாசித்தேன். கோயிலில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது, அவர் ஒருவர் காதைத் தவிர. அவருடைய ஸ்டூலைப் பிடுங்கிக்கொண்டேன் என்று இத்தனை நாள் நான் குமைந்ததெல்லாம் என்ன என்று யோசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் சொன்னார்: "ஞாயித்துக்கிழம நான் இன்னும் முன்னாடி போய் ஒக்காந்துக்கறேன். இன்னிக்கி நாலாவது வரிசையில ஃபேன் சத்தம் ஜாஸ்தி, பாதிப் பாட்டு கேக்கல."