உள்பாவாடைத் துணியில் ஒரு கடல்

கடலைத் தைத்து முடிக்க ரத்தினத்துக்குப் பதினேழு நாள் பிடித்தது. கோவில்பட்டி ஜவுளிக்கடைகளில் உள்பாவாடைக்கென்று அடுக்கி வைத்திருந்த நீலத் துணி அத்தனையையும் வாங்கிவந்து, இருபத்திரண்டு நீளமாக வெட்டி, ஒன்றோடொன்று மூட்டி அறுபதடிக் கடலாக்கினாள். வருடம் முழுக்கப் பள்ளிச் சீருடை தைக்கிற கை அது. நேர்த்தையல் அதற்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் கடல் என்ன அரைக்கால் சட்டையா, மடிக்குள் அடங்குவதற்கு? முன்னறையை நிரப்பி, அடுப்படிக்குள் நுழைந்து, கட்டில்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

கணவர் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகள் இவாஞ்சலின் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். ஆளில்லாத வீட்டில் கடல் வந்து குடியேறியதில் ரத்தினத்துக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மதியம் அதன்மேலேயே தலை சாய்ப்பாள். மெஷின் ஓசை நின்ற பிறகும் வீடு மெல்ல ஆடிக்கொண்டிருப்பது போலிருக்கும். கண்ணை மூடினால் நீலம், திறந்தாலும் நீலம். எழுந்திருக்க மனசே வராது.

அவள் படித்த பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு விழாவுக்குத்தான் இந்தக் கடல். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு பெரிய இசை நாடகம் போடுவது என்று முடிவானது. தூத்துக்குடியிலிருந்து பிரின்ஸ்டன் என்கிற இளைஞன் வந்து கதையும் பாட்டும் எழுதினான். கரிசல்காட்டுப் பருத்தியை ஏற்றிக்கொண்டு ஒரு பாய்மரத் தோணி கடல் தாண்டுகிறது. நடுவழியில் புயல் பிடித்துச் சுக்கான் உடைகிறது. தோணியின் தலைவனான தண்டல் கடலில் குதித்து, கயிறு கட்டி, தோணியைக் கரைசேர்க்கிறான். பதினான்கு பாட்டு. கடம்பூர், மணியாச்சி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலுமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பாட வந்தார்கள். மேடையில் பாடியவர்கள் எழுபது பேர், பின்னால் ஓடியவர்கள் தொண்ணூறு பேர். கைதட்டல் முன்னவர்களுக்கு, கால்வலி பின்னவர்களுக்கு.

கடலுக்கு மட்டும் இருபத்துநாலு பேர். பதினாறு பேர் ஓரங்களைப் பிடித்து அலை எழுப்ப வேண்டும். மீதி எட்டுப் பேர் கடலுக்கு அடியில் நிற்பார்கள். நீலத் துணியின் நடுவே, இரண்டு ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாற்போல, கண்ணுக்குத் தெரியாத ஒரு திறப்பு வைத்துத் தைத்திருந்தாள் ரத்தினம். தண்டல் அதன் வழியாக உள்ளே விழுவார். அந்த எட்டுப் பேரும் ஒரு கெட்டிப் படுதாவை விரித்துப் பிடித்து அவரைத் தாங்கி, சத்தமில்லாமல் தரையில் இறக்கிவிட்டு, கைகளை உயர்த்திக் கடலை அடியிலிருந்து அசைக்க வேண்டும். படுதாவின் விளிம்புக்கும் ரத்தினம்தான் இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.

முதல் ஒத்திகையில் கடல் சரியாக வரவில்லை. பிரின்ஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, நீங்க படுதால உளுந்தம்பயறு உதறுதீங்க. கடல் இப்படி இருக்காது."

"தம்பி, நாங்க கடலைப் பாத்ததே ரெண்டு தரம்," என்றாள் சத்தியபாமா. ஆடு வளர்க்கிற வீட்டுக்காரி, பள்ளியில் ரத்தினத்துக்கு இரண்டு வகுப்பு இளையவள், படுதாவில் அவளுக்குப் பக்கத்துக் கை. "அதுவும் திருச்செந்தூர்ல தலை முங்கப் போனது. மூக்கைப் பொத்திக்கிட்டு முங்குனவளுக்கு அலை எப்படித் தெரியும்?"

பழகப் பழகக் கடல் வந்துவிட்டது. குதிக்க வேண்டிய ஆள்தான் குதிக்கவில்லை.

தண்டலாகப் பாடியவர் சாமுவேல்ராஜ். எப்போதும்வென்றான் கிராமத்தில் விவசாயம். தொண்டையைச் செருமினாலே ஆலயத்தின் கடைசி பெஞ்சு வரை கேட்கும். ரத்தினத்தின் கூடப்பிறந்த அண்ணன். மூன்று வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

விஷயம் ரொம்பச் சின்னது. நம் ஊரில் சொந்தம் முறிகிற விஷயம் எது பெரிதாக இருந்திருக்கிறது? இவாஞ்சலின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று, அந்தப் பிள்ளை ஆசை தாங்காமல் போனில் இருந்த எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டது. நேரில் வைத்து அழைக்குமுன்னே தாய்மாமனுக்கும் போய்விட்டது. மறுநாளே ரத்தினம் தாம்பாளத்தில் பழமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மதினி வாசலுக்கு வந்து, "அவிய ஊர்ல இல்ல," என்றாள். உள்ளே ஆணியில் அண்ணனின் சட்டை தொங்கியது. அவருடைய இருமல் சத்தமும் கேட்டது. தாம்பாளத்தோடு திரும்பினவள் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. தகப்பனில்லாத பிள்ளை, தாய்மாமன் மாலை எடுத்து வராமல் ஆலயத்துக்குள் நடந்துபோனதை ரத்தினத்தால் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியாது.

தண்டல் யாரென்று தெரியாமலே அவள் கடலை ஒத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தபோது பாதிக் கடல் தைத்தாகிவிட்டது.

ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அவர் தோணியின் நுனிக்கு வருவார். பலகையும் பெஞ்சுமாகக் கட்டிய ஆறடி உயரத் தோணி அது. கீழே படுதாவைப் பார்ப்பார். படுதாவுக்கு அந்தப் பக்கம் ரத்தினத்தின் தலையைப் பார்ப்பார். பிறகு ஸ்டூலில் கால் வைத்துப் பதவிசாக இறங்குவார். "அன்னைக்குக் குதிச்சிருவேன்," என்பார். ஸ்டூல் போட்டுக் கடலில் இறங்குகிற தண்டலைப் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று பிரின்ஸ்டனுக்குத் தூக்கம் போயிற்று.

கடைசி ஒத்திகை முடிந்து அவன் தயங்கித் தயங்கி ரத்தினத்திடம் வந்தான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க அங்கன நிக்கதுனாலதான் அவிய குதிக்க மாட்டேங்காவன்னு எல்லாரும் சொல்லுதாவ. நீங்க ஓரத்துக்குப் போயிருதீங்களா?"

ரத்தினம் படுதாவின் விளிம்பை இழுத்துப் பிடித்தாள். தன் கையை அண்ணன் நம்பவில்லை. பிறந்த இத்தனை வருடத்தில் இதைவிடப் பெரிய அவமானம் அவளுக்கு நேர்ந்ததில்லை.

"படுதால கெடக்கது என் தையல். தையலை வச்சிக்கிட்டு ஆளை மட்டும் மாத்துவீங்களோ?" என்றாள். "அவிய விழுந்தா என் கையிலதான் விழணும். நான் போக மாட்டேன்."

விழா நாளன்று சூரியன் இறங்குகிற நேரத்தில் பள்ளி மைதானத்தில் நாடகம் தொடங்கியது. ஆறாவது பாட்டு முடியும்போது ரத்தினம் குனிந்து கடலுக்கு அடியில் போனாள். மேலேயிருந்து விழுந்த விளக்கொளி துணியில் வடிகட்டி இறங்கிற்று. சத்தியபாமாவின் முகம் நீலம், கை வளையல் நீலம், மிதித்து நின்ற கரிசல்மண்கூட நீலம். தலைக்குமேல் அலை ஏறி இறங்கியது. எழுபது பேரின் பாட்டு எங்கோ தூரத்துக் கரையிலிருந்து வருவதுபோல் கேட்டது. தானே தைத்த கடலுக்குள் இருக்கிறோம் என்பது மறந்துபோய், தண்ணீருக்குள் நின்றும் மூச்சு முட்டவில்லையே என்று ஒரு கணம் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சுக்கான் உடைந்தது. பாட்டு நின்றது. நாலு எண்ணுவதற்குள் தண்டல் குதிக்க வேண்டும்.

நாலு ஆனது. எட்டும் ஆனது. திறப்பின் வழியே அண்ணனின் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று ரத்தினம் பார்த்தாள். தோணிக்கு அந்தப் பக்கம், இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போது ஒலிபெருக்கி பேசியது. அவர் சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தார்கள்.

"ரத்தினம், பிடிச்சிருக்கியா?"

மைதானம் முழுக்கக் கேட்டது. கதையில் அப்படி ஒரு பேர் கிடையாது. தண்டல் கடைசி நேரத்தில் பெண்டாட்டியை நினைத்துக்கொள்கிறான் என்று நினைத்த பெண்கள் சிலர் மூக்கைச் சிந்தினார்கள். கடலுக்கு அடியில் இருந்தவளுக்கு மைக் இல்லை. அவள் சொன்னது அங்கே நின்ற ஏழு பேருக்கும் மேலே நின்ற ஒருவருக்கும்தான் கேட்டது.

"பிடிச்சிருக்கேன். குதி அண்ணே."

குதித்துவிட்டார். படுதா ஒரு வெட்டு வெட்டியதில் ரத்தினத்தின் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் கை விடவில்லை, தையலும் விடவில்லை. மேலே கடல் மூடிக்கொண்டது, பாட்டு மறுபடி பொங்கியது. எட்டுப் பேரும் அவரை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு, கைகளை உயர்த்தி அலையை எழுப்பினார்கள். இரண்டு சரணம் அவர் அங்கே கிடக்க வேண்டும். பிறகு எழுந்து, அக்கரை சேரும் பாட்டைப் பாட வேண்டும்.

நீல வெளிச்சத்தில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. தலைமாட்டில் கை உயர்த்தி நின்ற தங்கையை, இந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக, கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"பிள்ளை கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்," என்றார். "தாம்பாளத்தோட நீ திரும்பிப் போனதைச் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

அதுவும் மைதானம் முழுக்கக் கேட்டது.

"மைக் இருக்குண்ணே, பேசாத," என்று ரத்தினம் பதறிப்போய் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவர் காலரைப் பொத்தினாள். என்ன ஆனாலும் கடலை விடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். விட்டுவிட்டாள். அவள் அழுதது அவளுக்கே தெரியவில்லை. கண்ணீர் அண்ணனின் கன்னத்தில் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். சுற்றிலும் கடல் ஆடிக்கொண்டிருந்தபோது நடுவில் ஓரிடம் மட்டும் தாழ்ந்து அடங்கியதாம். துணி படிந்த இடத்தில் இரண்டு உருவம் தெரிந்ததாம், ஒன்று படுத்தாற்போல, ஒன்று அதன்மேல் கவிந்தாற்போல. இன்னொரு தடவை பாடுங்கள் என்று பிரின்ஸ்டன் கையைக் காட்டினான். பாட்டுக்காரர்கள் அதே சரணத்தை மூன்றாவது தடவையாகப் பாடத் தொடங்கினார்கள். தண்டல் இன்னும் எழுந்திருக்கவில்லை.