ஸ்டெல்லா அக்கா திருத்தாத சொல்

பாலர் பள்ளியில் பாய்களைத் துடைத்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஸ்டெல்லா அக்காவின் தம்பி. "டீச்சர், அக்கா காலையில தவறிட்டாங்க," என்றார். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்தான். ஆனாலும் ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊரான புக்கிட் ரம்பாயில் எங்களிடம் பிள்ளைகளை அனுப்பிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். முட்டிவலித் தைலம் மணக்க, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கும் டீச்சர். ஒரே வகுப்பில் பல வருடம் சேர்ந்து வேலை செய்தோம். ஆனால் இதை டீச்சராக எழுதவில்லை, யாழினியின் அம்மாவாக எழுதுகிறேன்.

யாழினிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டுச் சொல்லித்தருகிறவள் நான். என் பிள்ளை பேசாமலே போய்விடுமோ என்று பயந்து செத்தேன். படப் புத்தகத்தை விரித்து, "இது என்னா? சொல்லு, சொல்லு," என்று அவளைத் துளைத்தெடுப்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நீ என்னா அம்மாவா, இமிகிரேஷன் ஆபீசரா? கேட்டுக்கிட்டே இருக்க லா!" என்று ஒருநாள் வகுப்பில் அக்கா புத்தகத்தைப் பிடுங்கி வைத்தார். பால்மாவு டின்னில் மஞ்சாடி விதைகளைப் போட்டு மூடி, யாழினி பக்கம் உருட்டினார். அவள் திருப்பி உருட்டினாள். "வருது, வருது... வந்துருச்சு!" என்று பிடித்தார். தினமும் இதே விளையாட்டு. பிறகு சில நாட்களில், டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி பேசாமல் இருப்பார். நான் வாயெடுத்தால், "சும்மா இரு லா, வாசுகி. அவளுக்கு எடம் குடு," என்பார்.

ஒரு மத்தியானம் யாழினி, "லாகி," என்றாள். மலாய் மொழியில் 'இன்னும்' என்று பொருள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "லாகி இல்லமா, இன்னும்னு சொல்லு," என்றேன். தமிழ் டீச்சர் அல்லவா! பத்து நாள் அவள் வாயே திறக்கவில்லை.

"புள்ள இப்பதான் வாசல் வரைக்கும் வந்துச்சு. செருப்பு சரியில்லன்னு தொரத்திட்டியே!" என்றார் அக்கா. அன்று கழிவறைக்குள் நின்று அழுதேன்.

மறுபடி உருட்டினார், மறுபடி காத்திருந்தார். பதினோராம் நாள் "லாகி" வந்தது. "லாகியா? இன்னும் வேணுமா? இந்தா, இன்னும்!" என்று டின்னை உருட்டிவிட்டார். அவள் சொல்லைத் தள்ளாமல், பக்கத்தில் இன்னொன்றை வைத்தார், அவ்வளவுதான். சில வாரங்களில் இரண்டையும் சொன்னாள்.

நேற்று அக்கா வீட்டில் ஜெபம் முடிந்ததும் என்னைப் பேசச் சொன்னார்கள். பேச்சு வரவில்லை. "ரெண்டு வார்த்த சொல்லுங்க, டீச்சர்," என்றார் ஒருவர். "சொல்லுங்க, சொல்லுங்க," என்றார் இன்னொருவர். இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும் யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க. அம்மா சொல்லுவாங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். அக்காவின் டின் இன்னும் வகுப்பில்தான் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும். இந்தக் காத்திருப்புதான் அக்கா என் வீட்டுக்கென்று விட்டுப் போனது.

அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. கடைசியில் என் வாயில் வந்தது ஒரே சொல்: "லாகி." யாரும் திருத்தவில்லை.