அறிமுகத்தில் விட்டுப்போன ஒரு வரி

ராஜ்குமாருக்குத் தன்னைப் பற்றிப் பத்து வரி எழுதப் பதினோரு நாள் பிடித்தது. பெங்களூர்க் கம்பெனி கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஆயிரம் வரி ப்ரோக்ராம் எழுதித் தருகிறவன்தான். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சொல்வது வேறு, தன்னைச் சொல்வது வேறு. ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தான் யாரென்று இன்னொருவருக்கு விளக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது? வழியில் எதிரே வருகிறவர், "எந்த ஊரு, யாரு வூடு?" என்பார். "மாணிக்கம்மா பையன்" என்றால் முடிந்தது. அதற்கு மேலும் கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இணையத்தில் அப்படி விடமாட்டார்கள். அவன் சேர நினைத்தது ஒரு மெய்யியல் குழு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து நானூறு ஐநூறு பேர். மனிதனுக்கு அரசாங்கம் என்ற ஒன்றே தேவையில்லை, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாமல் சம்மதத்தின் பேரில் சேர்ந்து வாழ்ந்துகொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. அடிதடிக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், எறும்பைக்கூட மிதிக்காத புத்தகப் பிரியர்கள். இரண்டு வருஷம் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவனுக்குத் தானும் பேச ஆசை வந்தது. பேசுவதற்கு முன்னால் அறிமுகம் எழுத வேண்டும், அதுதான் அங்கே முறை. சொந்தப் பெயர் வேண்டாம். நீ யார், எப்படி வாழ்கிறாய், இந்த எண்ணத்துக்கு எப்படி வந்தாய், அவ்வளவுதான். சாமைக்கொல்லை என்று பெயர் வைத்துக்கொண்டான்.

எப்படி வந்தான் என்பதை எழுதக் கஷ்டமே இல்லை. பன்னிரண்டாவதில் நல்ல மார்க். கல்லூரியில் சேர, அவன் மலைவாசிதான் என்று சொல்கிற ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. கீழே ஓர் அலுவலகத்துக்கு இருபத்திரண்டு தடவை அலைந்தான். ஒவ்வொரு தடவையும் விடியுமுன் எழுந்து, நடந்து, ஷேர் ஜீப் பிடித்து, பஸ் பிடித்து. "நீ மலைக்காரன்னு நாங்க எப்டி நம்பறது?" என்று கேட்டவர் அவன் கால்களைப் பார்த்திருந்தாலே நம்பியிருப்பார். காகிதம் கைக்கு வந்தபோது அவன் ஆசைப்பட்ட கல்லூரியில் சேர்க்கை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிறகு ஏதோ ஒரு கல்லூரி, ஏதோ ஒரு படிப்பு, தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர். அந்த ஒன்பது நாளை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடப்பா என்று சொல்ல நமக்கு மட்டும் என்ன வாய் இருக்கிறது?

எப்படி வாழ்கிறாய் என்ற கேள்வியில்தான் மாட்டிக்கொண்டான். ஏனென்றால் அவன் மனைவி பூவிழி அரசாங்க நர்ஸ். ஆறு மலையூர்கள் அவள் பொறுப்பு. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைக்கு எடை போடுவது, தடுப்பூசி போடுவது, ஜுரம் வந்த வீட்டில் எட்டிப் பார்ப்பது, எல்லாம் அவள் தலையில். பஸ் போகாத ஊருக்கு நடை. அரசாங்கச் சம்பளம், அரசாங்கச் சீருடை, கழுத்தில் அரசாங்க முத்திரை போட்ட அட்டை. அரசாங்கமே வேண்டாம் என்கிறவன் வீட்டில் பாதி நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தது அரசாங்கம்தான்.

அந்தக் கல்யாணமே அந்த வேலையால் வந்தது. கொரோனா சமயத்தில் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதால் அவன் மலையேறி வந்திருந்தான். ஊசிக்காரர்கள் வருகிறார்கள் என்றாலே ஊர் ஜனம் கதவைச் சாத்திவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விடும். அவன் அம்மா மாணிக்கம்மாள் சாமைக் கொல்லைக்குள் படுத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த புது நர்சுக்குத் திறந்திருந்த ஒரே கதவு ராஜ்குமாருடையது. அவனோ அவளை வாசலில் நிறுத்திவைத்து அரை மணி நேரம் பேசினான். என் உடம்பு என்னுடையது, அதில் கை வைக்க அரசாங்கம் யார், சம்மதம் இல்லாமல் செய்வதெல்லாம் வன்முறை என்று ஒரே பிரசங்கம். வெயிலில் நின்று முழுவதையும் கேட்டாள் பூவிழி.

"சரிங்க, வேணாம்னா வேணாம்," என்றாள். "பேசி முடிச்சிட்டீங்கன்னா கொஞ்சம் தண்ணி குடுங்க."

அடுத்த வாரம் வந்தாள். மாணிக்கம்மாளுக்கு ப்ரஷர் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், ஊசிப் பேச்சே எடுக்காமல் போய்விட்டாள். மூன்றாவது தடவை மழைக்கு அவர்கள் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு மேலேர்ந்து ஆர்டர் இருக்குதில்ல? ஏன் யாரயும் கட்டாயப்படுத்த மாட்டேன்றீங்க?"

"புடிச்சி அமுக்கி ஊசி போட்டுட்டுப் போய்டலாங்க. நாளைக்கு இந்த ஊர்ல ஒரு பொண்ணுக்கு இடுப்புவலி எடுத்தா, என்னய நம்பிக் கூப்டுவாங்களா?"

நாலாவது தடவை அவனே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றான். மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றியவள் ஊசியைப் போடாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். "நெஜமா உங்க இஷ்டந்தானா?" என்று கேட்டாள். அவன் பத்துப் புத்தகம் படித்துக் கற்றதை ஒருத்தி ஐஸ் பெட்டியோடு மலையேறி வந்து கேட்கிறாள். அந்தக் கேள்வியில் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதையே எழுதியிருக்கலாம். கை வரவில்லை. அரசாங்க ஆளோடு குடும்பம் நடத்திக்கொண்டு இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். இருபத்திரண்டு தடவை ஒரு வாசலில் நின்றவனுக்கு, இன்னொரு வாசலிலும் நிறுத்திவிடுவார்களோ என்கிற பயம் லேசில் போகுமா? கடைசியில் இப்படி எழுதினான்: "என் துணைவி மலைப்பாதைகளில் ஊர் ஊராக நடந்துபோய் ஜனங்களின் உடம்பைக் கவனிக்கிறாள். யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்த மாட்டாள்." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காய் மட்டும் சோற்றுக்குள் இருந்தது. அதை அனுப்பியதும் அரசாங்கம் நட்டுவைத்த டவர் தந்த சிக்னலில்தான்.

அனுப்பிய அன்றைக்கே எழுபது பேர் வரவேற்றார்கள். ஒன்பது நாளைப் படித்துவிட்டு அழுதேன் என்று அயர்லாந்திலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தாள். ராஜ்குமார் அதை மூன்று தடவை படித்தான். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் வேறு பேச்சு கிளம்பியது. அரசு எட்டிப் பார்க்காத ஒரு மலையில், எவன் உத்தரவும் இல்லாமல் ஒரு பெண் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிறாள், நாம் இத்தனை வருஷம் வாதாடியதற்கு இவளல்லவா சாட்சி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கூட்டத்தில் அவர் நம்மோடு பேசுவாரா என்று கேட்டு எழுதினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், மாட்டேன் என்று அவளே சொல்லிவிடுவாள் என்று நம்பி, சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டுவைத்தான்.

"என்னயப் பத்தியா எழுதின?" பூவிழி பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். "வெளிநாட்டுக்காரங்க எல்லாம் படிச்சாங்களா?"

"ம்."

"என் வேலயப் பத்திக் கேக்கறாங்களா?"

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு அவனுக்கு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. ஊர் ஊராக நடக்கிறவளை இதுவரை யாரும், உன் வேலையைப் பற்றிச் சொல்லு என்று உட்காரவைத்துக் கேட்டதில்லை. ரிப்போர்ட் கேட்பார்கள், அது வேறு. ஞாயிறு வரை நாலு நாளும் அதே நினைப்பாக இருந்தாள். இங்கிலீஷில் மூன்று வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்தாள். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பிலேயே பிறந்த இரட்டைக் குழந்தைகளின் கதையைத்தான் சொல்லப்போவதாக மாமியாரிடம் அறிவித்தாள். அவள் இங்கிலீஷ் கேட்டுக் கேட்டு மாணிக்கம்மாளுக்கே முதல் வாக்கியம் பாடமாகிவிட்டது. ராஜ்குமார் மட்டும் சாப்பாடு இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். மூன்றே முக்காலுக்கு உள்ளேயிருந்து வந்தாள். இஸ்திரி போட்ட சீருடைப் புடவை, படிய வாரிய தலை, கழுத்தில் அட்டை.

"வேற பொடவ கட்டிக்கயேன்," என்றான்.

"ஏன், இதுக்கு இன்னா?"

"இல்ல... அந்த அட்டையாச்சும் கழட்டிடேன்."

முகத்தைப் பார்த்தே ஜுரம் எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்கிறவளிடம் இது நடக்குமா? மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "இன்னா எழுதிக்கிற? தமிழ்ல படிச்சிக் காட்டு."

படித்தான். சான்றிதழ், ஒன்பது நாள், சாமை விளைகிற கொல்லை, மலைப்பாதையில் நடக்கிற துணைவி.

"நல்லாத்தான் எழுதிக்கிற," என்றாள். "யாரு அந்தப் பொம்பள?"

அவன் லேப்டாப்பைப் பாதி மூடினான்.

"எங்க ஊரு நெல்லிவாசல்நாட்டுல எங்கம்மாவ கட்டில்ல வெச்சித்தான் தூக்கினு எறங்கினாங்க. ரெண்டாவது பிரசவம். பாதி வழியிலயே முடிஞ்சிப்போச்சி. இந்தப் பொடவ கட்டினவ ஒருத்தி அன்னிக்கு எங்க ஊர்ல இருந்திருந்தா எனக்கு அம்மா இருந்திருப்பா. அதுக்காவத்தான் நான் இதக் கட்னேன். நீ கழட்டச் சொல்ற." அவள் குரல் உயரவே இல்லை. "உனக்குக் காயிதம் குடுக்காம அலையவுட்டவனும் கவர்மெண்டு, நானும் கவர்மெண்டு. ரெண்டு பேரயும் ஒரே மூட்டையில கட்டிட்டியா?"

எழுந்து வெளியே போய்விட்டாள். வாசலில் புளி காயப்போட்டுக்கொண்டிருந்த மாணிக்கம்மாள், "இன்னாமே, நீ பேசலயா?" என்று கேட்பதும், "உங்க புள்ளயே பேசறாரு அத்தே," என்று அவள் சொல்வதும் காதில் விழுந்தது. நாலு வருஷக் கல்யாணத்தில் அவன் அவளை அழவைத்ததில்லை. இன்றைக்கும் அவள் அழவில்லை, அதுதான் அவனை உறுத்தியது. இந்த வீட்டுக்குள் தானும் ஓர் அலுவலகமாகிவிட்டோமே, ஒருத்தியைப் பார்த்து நீ நீதான் என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டோமே என்று அவனுக்கு உறைத்தது.

நாலு மணிக்கு லேப்டாப்பில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. இருபது பேருக்கு மேல் இருக்கும். அவர் எங்கே என்று சிரித்த முகத்தோடு கேட்டார்கள்.

"அவள் வருவாளா என்று தெரியாது," என்று அவர்கள் பாஷையில் தொடங்கினான். "என் அறிமுகத்தில் ஒரு வரியை விட்டுவிட்டேன். என் மனைவி அரசாங்க நர்ஸ். அரசாங்கம்தான் அவளுக்குச் சம்பளம் தருகிறது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்து மறைத்தேன்."

தாடிக்காரர் ஒருவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "அப்படியானால் அவர் அரசின் ஆள்தானே?"

"ஆமாம். நாலு தடவை என் வாசலுக்கு வந்து, ஒரு தடவைகூட என்னைக் கட்டாயப்படுத்தாத அரசாங்க ஆள். நான் கையை நீட்டிய பிறகும், நிஜமாகவே உன் இஷ்டம்தானா என்று கேட்ட அரசாங்க நர்ஸ். சம்மதம் என்றால் என்னவென்று நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அவளிடம்தான். என் கொள்கை மாறவில்லை. அந்த ஒன்பது நாளை நான் மறக்கவும் இல்லை. ஆனால் அவளை மறைத்துவிட்டு உங்களிடம் நான் எதைப் பேசினாலும் அது பொய். என்னை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் இஷ்டம்."

யாரும் சிரிக்கவில்லை. அயர்லாந்து அம்மாள்தான் முதலில் பேசினாள். அவரைக் கேட்க இப்போதுதான் எனக்கு அதிக ஆசையாக இருக்கிறது, வருவாரா என்றாள்.

"அது அவள் இஷ்டம்," என்றான்.

ஜன்னலுக்கு வெளியே மாமியாரோடு புளி துழாவிக்கொண்டிருந்தவளுக்கு அவன் இங்கிலீஷ் முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் அரசாங்க நர்ஸ் என்பதற்கு என்ன இங்கிலீஷ் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு தடவை காதில் விழுந்தது. கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். அட்டை கழுத்தில்தான் இருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசி முடிச்சிட்டியா?"

"ம்."

"அப்ப கொஞ்சம் தண்ணி குடு."

அவன் எழுந்தான். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். சமையலறையில் அவன் குடத்தைச் சாய்த்துச் சொம்பில் தண்ணீர் பிடித்தான். கூடத்திலிருந்து அவள் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் கேட்டது, ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல். வணக்கம். என் பெயர் பூவிழி. நான் அரசாங்க நர்ஸ்.

"மீதியத் தமிழ்ல சொல்றேன்," என்றாள் பிறகு. "அவரு தண்ணி எடுக்கப் போய்க்கிறாரு. வந்து உங்களுக்குச் சொல்வாரு."

சொம்போடு வந்தவன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் ஜீப்பில் பிறந்த இரட்டைக் குழந்தைகளிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வரிகூட விடாமல் அவர்களுக்குச் சொன்னான் ராஜ்குமார்.