பலகையில் வைத்த பொட்டு

திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் நான் இன்ஸ்ட்ரக்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறேன். கடைசி வருட மாணவர்களின் ப்ராஜெக்ட் கிட் மக்கர் பண்ணினால் என் மேசைக்குத்தான் வரும். "நேத்து ஓடினது இன்னிக்கு ஓடலைன்னா, நடுவுல என்ன மாறுச்சுன்னு முதல்ல யோசி" என்று எல்லாரிடமும் எரிந்து விழுவேன். அப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வையம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி படித்தாள். அவள் அப்பா கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, கம்பு ஊன்றி நடக்கிறவர். கத்தரித் தோட்டம் வீட்டிலிருந்து தூரம். அவருக்காகத்தான் அவள் அந்தக் கிட்டைச் செய்தாள். மண் காய்ந்தால் அதுவே போர் மோட்டாரைப் போடும், நனைந்தால் நிறுத்தும். மண்ணின் ஈரம் எவ்வளவு என்று வீட்டில் இருக்கிற போனுக்கு எண் வரும்.

"வைவா முடிஞ்சதும் தோட்டத்துல மாட்டிடுவேன் மேடம். அப்பா நடக்க வேண்டாம்" என்றாள். ப்ராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வுதான் வைவா. அதற்கு முந்தின நாள் மதியம் ஒரு தொட்டி மண்ணில் கம்பிகளைக் குத்திக் காட்டினாள். எண் ஆடாமல் நின்றது. நானே பார்த்தேன்.

அன்று மாலை லேபில் பூஜை. எல்லா கிட்டையும் பிள்ளையார் படத்தின் முன்னால் வரிசையாக வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. பெட்டியின் மூடி மேல்தான் வைப்பேன். அவள் கிட்டுக்கு இன்னும் மூடி போடவில்லை. அதனால் சிப்பெல்லாம் பற்றவைத்திருந்த சர்க்யூட் பலகையின் நட்டநடுவிலேயே சந்தனமும் அதன் மேல் குங்குமமும் தாராளமாகவே வைத்தேன்.

மறுநாள் காலை எண் பேயாட்டம் ஆடியது. மண்ணைத் தொடாமலே தொண்ணூறு, தண்ணீர் ஊற்றினால் பத்து. கம்பியை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், சால்டரிங்கை மறுபடி தொட்டேன், ப்ரோகிராமை வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"ராத்திரி எதையாவது நோண்டினியா?"

"இல்லைங்க மேடம். நேத்து நல்லாத்தானே இருந்துச்சு."

"நோண்டாம எப்படி மாறும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தேர்வு நடத்த வெளிக் கல்லூரியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் பக்கத்து அறைக்கு வந்துவிட்டார். எனக்கு இருக்கிற குறுக்குவழி ஒன்றை எடுத்தேன். இரண்டு மூன்று வருடமாகவே நான் செய்கிற காரியம்தான், வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடியது இல்லை. அவள் ப்ரோகிராமை எடுத்துவிட்டு என்னுடையதை ஏற்றினேன். சுவிட்ச் போட்டதும் ஒரு நிமிடம் 'காய்ந்திருக்கிறது' என்று காட்டி மோட்டாரை ஓட்டும். பிறகு 'ஈரம் 62' என்று நிறுத்திவிடும். நிஜம்போலத் தெரிய 61, 62, 63 என்று மாறிக்கொண்டிருக்கும். மண்ணை அது பார்ப்பதே இல்லை.

அவளிடம் "சின்னத் திருத்தம் பண்ணிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். வைவாவில் பாராட்டினார்கள். பழுதைக் கண்டுபிடித்து அவளுடையதைத் திரும்ப ஏற்றித் தரவேண்டும் என்று நினைத்தேன். அடுத்த கிட் வந்தது, அதற்கடுத்தது வந்தது, லீவும் விட்டார்கள். மறந்தே போனேன்.

லீவு முடிந்து சர்டிபிகேட் வாங்க வந்தவள் கிட்டையும் பையில் கொண்டு வந்திருந்தாள். மாட்டிய அன்று மோட்டார் தானாக ஓடி நின்றதைப் பார்த்து அவள் அப்பா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அதற்குப் பிறகு தினமும் போனில் 61, 62, 63. ஈரம் இருக்கிறதே என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்த வெயிலில் ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கத்தரி மொத்தமும் கருகி நின்றது.

"நான்தான் மேடம் ப்ரோகிராமைத் தப்பா எழுதிட்டேன். அப்பாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள்.

அவள் எழுதிய பழைய ப்ரோகிராமைத் தேடி ஏற்றினேன். எண் அதே ஆட்டம் ஆடியது. தோட்டத்தில் மாட்டுவதற்காக அவள் போட்டிருந்த மூடியைக் கழற்றினேன். மூடிய பெட்டிக்குள் முழுதும் காயாமல் என் பொட்டு பிசுபிசுத்துப் போய், சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவில் அப்பிக் கிடந்தது. அந்த ஈரத்தின் வழியாக ஒரு காலின் மின்சாரம் மற்றதில் கசிந்திருக்கிறது. வைவா அன்றும் அந்தப் பொட்டு என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. பொட்டைப் பழுதாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நடுவில் என்ன மாறியது என்று அவளைத்தான் கேட்டேன், என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். ஐந்து நிமிட வேலை. எண் அசையாமல் நின்றது.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், என் ப்ரோகிராமைப் பற்றியும். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப என்னோடது அன்னிக்கே சரியாத்தான் இருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் இருந்துச்சும்மா. எடுத்துட்டுப் போய் மாட்டு. அப்பாகிட்ட நானே போன்ல பேசறேன்."

அவள் மூடியை வைத்து நான்கு திருகுகளையும் நிதானமாக முடுக்கினாள்.

"பேசுங்க மேடம். ஆனா அவரு இனிமே இதை நம்ப மாட்டாரு. இப்பல்லாம் காலையிலயும் சாயங்காலமும் நடந்தேதான் போறாரு, கையால மண்ணைத் தொட்டுப் பார்க்க."