எரியோட்டுக்கு மூன்று நடை

புதன்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சேவியர் அண்ணனின் மகளிடமிருந்து போன் வந்தது. "சித்தப்பா, அப்பா எந்திரிக்கவே இல்ல" என்றது பிள்ளை. கையில் சாவியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் நானும் அவரும் நடத்தும் கார் பட்டறைக்குப் பத்தொன்பது வயது. இன்ஜின் வேலை எனக்கு, கரண்ட் வேலை அவருக்கு. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தே அவருக்கு இடுப்பு போயிற்று. அதிகம் பேச மாட்டார்.

போன வருடம் பக்கத்து ஊரான எரியோட்டிலிருந்து, எங்களிடம் வண்டி விடும் மீனாட்சி டீச்சரின் கணவர் பதறிப்போய் அழைத்தார். டீச்சருக்கு அன்று டயாலிசிஸ், கார் கிளம்பவில்லை. அண்ணன் போனிலேயே சொன்னார்: "வீல் செவுத்துப் பக்கம் ஒடிச்சு நிக்கும். ஸ்டீயரிங் பூட்டுக் கம்பி அதுல இறுகியிருக்கு சார். ஸ்டீயரிங்க அங்கிட்டும் இங்கிட்டும் லேசா ஆட்டிக்கிட்டே பட்டன அமுக்குங்க." கிளம்பிவிட்டது.

அடுத்த மாதம் அந்த வித்தையும் பலிக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தோம். பட்டனை அழுத்தியதும், சாவி இந்த வண்டியுடையதுதானா என்று கம்ப்யூட்டர் சரிபார்க்கும். பிறகு ஒரு சின்ன மோட்டார், ஸ்டீயரிங் தண்டைப் பிடித்திருக்கும் கம்பியை விலக்கும். விலகியது உறுதியானால்தான் இன்ஜின் ஓடும். அந்த மோட்டார் தேய்ந்து, கம்பி பாதியிலேயே நின்றிருந்தது. புதுப் பூட்டு சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும்.

"பூட்டு திறந்தாச்சுன்னு கம்ப்யூட்டர ஏமாத்தி விட்டுரலாமே அண்ணே, எல்லாரும் செய்றதுதான" என்றேன்.

"கம்பி பாதியில நிக்குது. ரோட்டுல ஒரு குலுக்கல்ல இறங்குச்சுன்னா வீல் திரும்பாது. உள்ள டீச்சர் இருப்பாங்க."

அந்த வாரம் மூன்று முறை தன் பழைய வேனில் அவரே டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார். இங்கே வண்டிகள் குவிந்தன. நான் கத்தினேன். "செத்த பொறு, செஞ்சுருவோம்" என்றார். புதுப் பூட்டு வந்ததும் மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டரோடு அதைப் பழக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். அவர் முகம் அப்போதே கறுத்திருந்தது. உடம்புக்கு என்னவென்று நான் கேட்கவில்லை. எனக்கும் அலுப்பு.

அடக்கத்துக்கு டீச்சர் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் நடக்க முடியாமல் காரிலேயே இருந்தார். நான் ஜன்னலருகே போனேன்.

"ஒடம்பு எப்படி இருக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. பதில் சொல்லியே ஓஞ்சு போவேன்" என்றார். "உங்கண்ணன் ஒரு வார்த்தை கேக்கல. அந்த மூணு நாளும் வேன்ல நல்லாத் தூங்குனேன்."

மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகும் அந்தக் கார் வாசலில் நின்றது. கண்ணாடியில் தலை சாய்த்து அவர் கண்ணயர்ந்திருந்தார். கணவர் எழுப்பவில்லை.

நீங்களும் அசந்து தூங்குங்கள், அண்ணே. பட்டறையை நான் பார்த்துக்கொள்கிறேன்.