என் பல்லைத் தள்ளிப்போட்ட டாக்டரம்மா

"அம்மாயி, மெஹர் மேடம் போயிட்டாங்க" என்று அரியலூரிலிருந்து என் மகள் வயிற்றுப் பேத்தி நிவேதா போனில் சொன்னாள். "எங்க, மவன்கிட்ட துபாய்க்கா?" என்று கேட்டேன். அவள் அழுதாள். அப்புறந்தான் எனக்கு விளங்கியது. தூக்கத்திலேயே போய்விட்டாராம் எங்கள் டாக்டரம்மா.

லப்பைக்குடிக்காட்டில் அவர் வீட்டு வாசலில் அன்று எத்தனை பல் டாக்டர்கள்! எல்லாரும் அவரிடம் கை பழகியவர்கள். அவர்கள் சேர்ந்து இந்த நினைவு மலரைப் போடுகிறார்கள். "அவங்ககிட்ட வாய் காட்டுனவங்களும் எழுதணும் அம்மாயி" என்றாள் நிவேதா. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஆனாலும் டாக்டரம்மாவைப் பற்றி எழுத யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுதுகொண்டும் எழுதமாட்டேன். அவரைப் பார்த்தாலே நமக்கு ஒரு சுறுசுறுப்பு வரும். இப்போது நினைத்தாலும் அதுதான் வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் சின்னத் திருகு ஒன்றைப் பதித்து, அது எலும்போடு ஒட்டியபின் மேலே பல் வைப்பதை இம்ப்ளாண்ட் என்கிறார்கள். எங்கள் பக்கம் ஸ்குரூ பல்லு என்போம். பல் டாக்டருக்குப் படித்துவிட்டால் மட்டும் அதற்குக் கை வந்துவிடாது, தனியாகப் பழகவேண்டும். மெஹருன்னிசா டாக்டரம்மா பெரம்பலூரில் தன் கிளினிக் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டரான நிவேதாவும் போய்ச் சேர்ந்தாள்.

முதலில் ஆட்டுத் தாடையில் பழகச் சொல்வார். நிவேதா கறிக்கடையிலிருந்து ஒரு பை நிறைய வாங்கிவந்து, செந்துறையில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் பரப்பினாள். நான் மிளகு அரைக்கப் போய்விட்டேன். "அம்மாயி, இது கொழம்புக்கு இல்ல, டிரில் போடறதுக்கு!" என்று கத்தினாள். பிறகு நானே தாடையைப் பிடித்துக்கொள்ள, அவள் துளை போட்டுப் பழகினாள். இதைக் கேட்டு டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆடு ஒரு கேள்வியும் கேக்காதும்மா. அதான் அதுல பழகறது சுலபம். மனுஷங்க கேக்கணும்" என்றார்.

சும்மா பேச்சுக்குச் சொன்னதல்ல அது. அவரிடம் ஒரு முறை உண்டு. பயிற்சிக்கு வந்த டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, தான் போட்ட பிளானை நோயாளிக்கு வெறும் தமிழில் விளக்கவேண்டும். நோயாளி அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். மற்ற டாக்டர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். அது முடியும்வரை டிரில்லைத் தொடக்கூடாது. "நேரம் போவுது மேடம்" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. "போவட்டும். நரம்பு போனாத்தான் திரும்பி வராது" என்பார்.

நிவேதாவின் முதல் நோயாளி நான்தான்! வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்து சீழ் கட்டியிருந்தது. பேரன் கல்யாணம் வேறு நெருங்கியிருந்தது. பெரம்பலூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் "எம் பேத்தி எனக்கு ஆபரேசன் பண்ணப்போவுது" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"அம்மா, உங்க பேத்தி சொன்னதை இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"கெட்டுப்போன பல்லை இன்னிக்கிப் புடுங்கிடும். அந்தக் குழியிலேயே ஸ்குரூவை வெச்சிடும். மேல ஒரு பல்லையும் மாட்டி அனுப்பிடும்."

"மாஷா அல்லாஹ்! அப்படியே சொல்லிட்டீங்க. ஏம்மா எல்லாம் இன்னிக்கே?"

"பேரனுக்குக் கல்யாணம் வருதுல்ல? ஓட்டை வாயோட எப்புடி நிக்கிறது?"

டாக்டர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நிவேதா, இது வேற யாரோட வாயாவோ இருந்தா என்ன பிளான் போடுவீங்க?" என்று கேட்டார்.

நிவேதாவின் முகம் சுண்டிப்போனது. "சீழ் இருக்கு மேடம். பல்லை மட்டும் எடுத்துட்டு, மூணு மாசம் ஆற விடுவேன்."

"அப்ப அம்மாயின்னா மட்டும் சீழ் ஒண்ணும் பண்ணாதா?"

நிவேதா ஸ்கேன் படத்தைக் கீழே வைத்தாள். "பல்லை மட்டும் எடுங்க. டிரில்லைப் பொட்டிக்குள்ள எடுத்து வைங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "எம் வாயி, நான் சொல்றேன், வைக்கட்டும்! எம் பேத்திக்குத் தெரியாதா?" என்று எழுந்துவிட்டேன். "வாயி உங்களுதுதாம்மா. எலும்பு முகூர்த்த நாள் பாக்காது" என்றார், என் தோளைத் தொட்டு உட்காரவைத்து.

திரும்பும்போது பஸ்ஸில் நிவேதா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "நான் இனிமே போவல அம்மாயி. அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு. ஸ்குரூ பல்லு கேட்டு வர்றவங்களத் திருச்சிக்கே அனுப்பிடறேன்." பஞ்சு அடைத்த வாயோடு நான் என்ன சொல்ல முடியும்? ஆசையாகப் போனவள் பாதியில் நின்றுவிடுவாளோ என்று பயந்தேன். அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை.

கல்யாணத்துக்கு டாக்டரம்மா வந்தார்! நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "எதுக்கும்மா மூடறீங்க? அந்த எடத்தைக் காலியா வெச்சது நான். என்கூட நின்னு சிரிங்க" என்று போட்டோக்காரரைக் கூப்பிட்டார். பந்தியில் நிவேதா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "பிளான் எல்லாருக்கும் தப்பும். கேட்டதும் மறைக்காம உண்மையச் சொன்னீங்க பாருங்க, அந்த ஆளு எனக்கு வேணும். ஞாயித்துக்கெழம வந்துடுங்க. இப்ப அந்தப் பாயசத்தை இங்க தள்ளுங்க" என்றார். நிவேதா அழுகையும் சிரிப்புமாகத் தள்ளினாள்.

குழி ஆறியபின் மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான். "ஏன்?" என்ற கேள்விக்கு இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. "எலும்பு நல்லா ரொம்பிடுச்சு. கீழ நரம்பு ஓடுது. அதைத் தொடாம மேலயே நிக்கிற மாதிரி ஸ்குரூ பாத்து எடுத்திருக்கு." கைதட்டினார்கள்! டாக்டரம்மா நிவேதாவுக்குப் பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தன்னையறியாமல் கை நீட்டிவிடக் கூடாதாம்.

பாதியில் டிரில் நின்றது. "மேடம், கொஞ்சம் சாயுற மாதிரி இருக்கு. நீங்க வாங்களேன்."

"வரமாட்டேன். சாயுதுன்னு தெரியுதுல்ல, நிமுத்தவும் தெரியும்."

நிவேதா மூச்சை இழுத்துவிட்டாள். துளையில் ஒரு குச்சியை நிறுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள், சாய்வைத் திருத்தினாள், திருகை இறக்கினாள். மரத்துப்போன வாயோடு என்னால் கத்த முடியவில்லையே தவிர, உள்ளுக்குள் குலவை போட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் விரல் படவே இல்லம்மா. பூராவும் உங்க பேத்தி!"

என் வாயில் இருக்கும் பல் நிவேதா வைத்தது. டாக்டரம்மாவுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் கேட்ட 'ஏன்'தான். அரியலூரில் நிவேதாவின் கிளினிக்குக்குப் போனால், காத்திருப்பவர்களிடம், "டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க, ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிடுவேன். "உன்னால ஒவ்வொரு ஆளுக்கும் அரை மணி நேரம் ஆவுது" என்று நிவேதா திட்டுவாள்.

டாக்டரம்மா அடக்கத்துக்குப் பிறகு நிவேதா தன் கிளினிக்கை மறுபடி திறந்த அன்று, உடையார்பாளையத்திலிருந்து வந்த ஒருவர் உள்ளே போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார். "என்ன பாட்டி, நீங்க சொன்னீங்கன்னு ஏன் ரெண்டு ஸ்குரூன்னு கேட்டேன். ஸ்கேனையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, யோசிச்சுச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லுது. டாக்டருக்கே தெரியலியா?"

"தெரியறதாலதான் தம்பி யோசிக்குது. அடுத்த வாரம் வந்துடுங்க" என்றேன்.

கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தேன். நிவேதா திரையில் அந்த ஸ்கேனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வேலை கெடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, அடுத்து காத்திருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.